கழுதைகள் தேடி வந்த பலகைத் தரை

மணல் எதையும் சொல்லாது. கண்டக்குழியில் முற்றமும் மணல், வீதிக்குப் போகிற ஒழுங்கையும் மணல், அதைத் தாண்டினால் கடற்கரை மணல். யார் வந்தாலும் காலடியை விழுங்கிவிட்டு ஒன்றும் நடக்காததுபோலக் கிடக்கும். ஆள் கடந்துபோன பிறகுதான் தடத்தைக் காட்டும். போன பிறகு காட்டி யாருக்கு என்ன பயன் என்று பஸீஹா பல தடவை யோசித்திருக்கிறாள்.

கலியாணமாகிச் சில மாதங்களில் வந்த ஒரு காய்ச்சல் அவளுடைய இரண்டு காதுகளையும் அடைத்துவிட்டுப் போயிருந்தது. பேச்சு மிஞ்சியது. உதட்டைப் பார்த்து மற்றவர் கதையைப் பிடிக்கவும் பழகிக்கொண்டாள். எந்த அளவுக்கு என்றால், குழாயடியில் நிற்கும் பெண்கள் அவளைப் பற்றி ஏதும் கதைப்பதானால் ஷோலை இழுத்து வாயை மூடிக்கொண்டு கதைப்பார்கள். "காது கேக்கிறவளுக்குப் பக்கத்துல நின்டாத்தான் கேக்கும். இவளுக்கு அடுத்த ஒழுங்கையில நின்டாலும் கேக்கும்" என்று சிரிப்பார்கள். அதையும் அவள் பார்த்துவிடுவாள்.

கணவன் ரிஷாதின் குரல் அவளுக்கு நினைவிருந்தது. அவன் உதடு அசையும்போது அந்தப் பழைய குரலையே எடுத்துப் பொருத்திக்கொள்வாள். மகள் ஷம்லாவின் குரலைத்தான் அவள் ஒருபோதும் கேட்டதில்லை.

முகம் பார்த்த பக்கம் மட்டும்தான் அவளுக்கு உலகம். முதுகுப் பக்கம் ஒன்றுமே கிடையாது, வெறும் வெளி. அந்த வெளியிலிருந்து திடீரென்று ஒரு கை வந்து தோளைத் தொடும். ரிஷாதின் கைதான் என்று தெரிந்தாலும் ஒவ்வொரு முறையும் நெஞ்சு திக்கென்று அடித்துக்கொள்ளும். "நான்தான், நான்தான்" என்று அவன் முன்னால் வந்து சொல்வான். அதற்குள் கையிலிருந்த கோப்பை விழுந்திருக்கும்.

ஷம்லா தவழத் தொடங்கியதும் பஸீஹா ஒரு வழி செய்தாள். வலை பின்னும் நூலை எடுத்து ஒரு தலைப்பைப் பிள்ளையின் இடுப்பிலும் மறு தலைப்பைத் தன் மணிக்கட்டிலும் கட்டினாள். நூல் இழுத்தால் பிள்ளை தூரம் போகிறது. தொய்ந்தால் கிட்ட வருகிறது. சின்னச் சின்னதாகத் துடித்தால் அழுகிறது. சோறு வடிக்கும்போதும் உடுப்புக் கழுவும்போதும் அவளுடைய ஒரு கை அந்த நூலைக் கேட்டுக்கொண்டே இருந்தது.

நோன்புப் பெருநாள் கழிந்த கிழமை, ஒரு பகல். பஸீஹா குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். நூல் தொய்ந்து கிடந்தது. பிள்ளை பக்கத்திலேயே படுத்துவிட்டது என்று நினைத்தாள். பிள்ளையின் இடுப்பு முடிச்சு அவிழ்ந்திருந்தது அவளுக்குத் தெரியாது. ஷம்லா முற்றத்தைக் கடந்து, கேற்றுக்குக் கீழே நுழைந்து, ஒழுங்கைக்குப் போய்விட்டாள். வெள்ளைக்காரரை ஏற்றிக்கொண்டு வந்த வேன் ஒன்று பிள்ளைக்கு முன்னால் மண்ணைக் கிளப்பிக்கொண்டு நின்றது. சாரதி ஹோர்ன் அடித்தான், கத்தினான், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கேற்றைத் தட்டினான். பஸீஹா தேங்காய் துருவினாள். அயலட்டைச் சனம் முழுதும் குசினி வாசலில் வந்து நின்ற பிறகுதான், வெளிச்சம் குறைந்ததைக் கண்டு அவள் திரும்பினாள்.

அடுத்த நாள் நுரைச்சோலையிலிருந்து ரிஷாதின் மூத்த சகோதரி முஃபீதா ராத்தா வந்தாள். மனதில் உள்ளதை மறைக்கத் தெரியாத மனுஷி. பஸீஹாவுக்கு விளங்கட்டும் என்று நேரே முகத்துக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"நான் ஒன்னக் குறை செல்ல வரல்ல புள்ள. காது போனது அல்லாஹ்ட நாட்டம். ஆனா இந்தப் புள்ளைக்குக் காலும் அவன்தான் குடுத்திரிக்கான். நாளைக்கு எழும்பி நடக்கும். இந்தப் பக்கம் கடல் கிடக்கு, அந்தப் பக்கம் களப்புத் தண்ணி கிடக்கு, நடுவுல ரோட்டுக் கிடக்கு. நீ எங்க எண்டு பாக்கிற?"

"நான் இன்னும் கவனமாப் பாக்கிறன் மதினி."

"கத்தாத, எனக்குக் காது கேக்கும்" என்றாள் முஃபீதா. பிறகு பாவம் என்று நினைத்தாளோ என்னவோ, பஸீஹாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "எங்கட ஊட்டுல ஆள் இரிக்கி, சுத்துமதில் இரிக்கி. புள்ள ஒரு விவரம் அறியிற மட்டும் அங்க வளரட்டும். ஹஜ்ஜுப் பெருநாள் கழிய வந்து கூட்டிப் போறன்."

பஸீஹா ரிஷாதைப் பார்த்தாள். அவன் தலையைக் குனிந்துகொண்டிருந்தான். தலை குனிந்தவன் என்ன சொல்கிறான் என்று அவளால் படிக்க முடியாது.

அந்த நாட்களில் ரிஷாத் கடற்கரையோரம் இப்ஹாம் நானாவின் விடுதியில் வேலை செய்துகொண்டிருந்தான். தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கும் காலத்தில் பட்டத்தைப் பிடித்துக்கொண்டு கடலில் ஓட வருகிற வெள்ளைக்காரருக்காக, கால்களில் நிற்கும் பெரிய அறை ஒன்றை இப்ஹாம் கட்டியிருந்தார். அதன் தரைக்குப் பலகை அடிப்பது ரிஷாதின் பொறுப்பு. பலகை என்றால் சும்மா பலகை அல்ல. பாலை மரம்.

சிலாபத்துப் பக்கம் பழைய கொப்பராக் களஞ்சியம் ஒன்றை உடைத்தபோது வந்த உத்தரங்கள் அவை. பாலாவி மில்லில் கொடுத்து அறுத்தார்கள். மில்காரர் அருமைநாயகம் வாளின் பல்லெல்லாம் மழுங்கிப்போனதைக் காட்டி, "தம்பி, மரம் அறுக்கத்தான் நான் மில் போட்டனான். நீ தண்டவாளத்தைக் கொண்டு வந்திருக்கிறாய்" என்று பேசினாராம். ரிஷாதுக்கு அதைக் கேட்டுப் பெருமை தாங்கவில்லை. இரவுச் சாப்பாட்டில் பஸீஹாவுக்கு நடித்துக் காட்டினான்.

அறுத்த பலகையை உடனே அடிக்கக்கூடாது. கடற்கரைக் காற்றில் சில காலம் கிடந்து பழக வேண்டும். இல்லாவிட்டால் அடித்த பிறகு ஊதி ஒன்றையொன்று தள்ளும், அல்லது சுருங்கி வாயைப் பிளக்கும். விடுதிக்கு அப்போது கூரை வேயப்பட்டிருக்கவில்லை. பலகையை எங்கே கிடத்துவது என்று ரிஷாத் யோசித்தபோது பஸீஹாதான் சொன்னாள், களப்புக் கரையில் தன் அண்ணன் பதுர்தீன் காக்காவின் உப்புக் கொட்டில் சும்மா கிடக்கிறது, ஒழுக்கு இல்லை, காற்றோட்டம் நல்லது என்று. அங்கேதான் பலகைகள் கிடந்தன. நடுவில் புது உப்பு வாரிய பதுர்தீன், வேறு இடமில்லாமல் அதைப் பலகைகளின்மேலேயே கொட்டிக் குவித்துவிட்டார். "உப்புல போட்ட மீனே வருஷக்கணக்கா இரிக்கி. பலகைக்கு என்ன வரும்? தோணிட அடிமரம் உப்புல ஊறித்தானே உறுதியாகுது" என்றார். அந்த ஊரில் அதற்கு மறுப்புச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. ரிஷாதுக்கும்தான்.

முஃபீதா வந்துபோன சில நாட்களுக்குப் பிறகு, சோற்றுப் பொதியும் இடுப்பில் பிள்ளையுமாகப் பஸீஹா விடுதிக்குப் போனாள். தரை பாதிக்கு மேல் அடிபட்டிருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினாள். பலகை வெயிலிலும் குளிர்ந்திருந்தது. புளியங்கொட்டையின் தோல் போன்ற ஒரு சிவப்பு. வெளிச்சம் பட்ட இடத்தில் அது இன்னும் இருண்டு, பார்த்தால் நீரடியில் கிடப்பது போலிருந்தது. ஆணி நேரே இறங்காது என்பதால் ரிஷாத் ஒவ்வொரு ஆணிக்கும் முதலில் துளை போட்டிருந்தான். பலகைக்கும் பலகைக்கும் நடுவில் தன் அடையாள அட்டையைச் செருகிப் பார்த்து இடைவெளி விட்டிருந்தான்.

"இது என்னத்துக்கு ஓட்ட?"

"மழைக் காலத்துல அது மூச்சு விடணும் புள்ள. நெருக்கி அடிச்சா ஊதி எழும்பிரும்."

படிக்கட்டுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து அவள் பொதியை அவிழ்த்தாள். பாதி அவிழ்த்த கை அப்படியே நின்றது.

உள்ளங்காலில் ஏதோ வந்தது. தரையிலிருந்து தொடையெலும்பு வழியாக ஏறி இடுப்பில் வந்து தட்டியது. ஒன்று. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. கனமான ஒன்று, பிறகு கொஞ்சம் லேசான ஒன்று. கனம், லேசு, கனம், லேசு. வலது காலில் அழுத்தி நடக்கிற ஒருவர் படியேறி வருகிறார்.

"ஆரோ வாறாங்க" என்றாள், திரும்பாமலே.

பொதிக்கு நீண்ட ரிஷாதின் கையும் வழியில் நின்றது. அவள் திரும்பினாள். இப்ஹாம் நானா நின்றார்.

"என்ன, என்னக் கண்டு பயந்த மாதிரிப் பாக்கிறீங்க ரெண்டு பேரும்?" என்று இப்ஹாம் கேட்டார்.

"நானா, கொஞ்சம் திரும்பப் போய் இன்னொருக்கா வாங்க" என்றான் ரிஷாத்.

இப்ஹாமை மூன்று முறை ஏற்றி இறக்கினார்கள். கடைசி முறை அவர், "நான் முதலாளியா, இல்ல உங்கட ஊட்டுக் கடிகாரமா?" என்று கேட்டுவிட்டு மூச்சு வாங்க உட்கார்ந்துவிட்டார். ரிஷாத் நடந்தான், அவனுடைய அடி குதிகாலில் தொடங்கி நீளமாக உருண்டு வந்தது. சுவரோரம் ஒரு காகம் தத்தியது. அதுகூட, மயிர்க்கூச்செறிவது போல, வந்தது. பிறகு பஸீஹா ஷம்லாவை இறக்கித் தனக்குப் பின்னால் விட்டாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

இரண்டு உள்ளங்கை, இரண்டு முழங்கால். நீண்ட கோடைக்குப் பிறகு தகரக் கூரையில் விழும் முதல் துளிகளைப் போல, கொஞ்சம் இங்கே, கொஞ்சம் அங்கே, பிறகு படபடவென்று ஒரே இடத்தில். காது இருந்த காலத்து மழை அவளுக்குத் திரும்பி வந்தது. பிள்ளை வலப்பக்கம் போகிறது. நிற்கிறது. உட்கார்ந்து எதையோ தட்டுகிறது. முதுகுப் பக்கத்து வெளியில் முதல் முறையாக ஓர் இடம் உண்டானது. அந்த இடத்தில் தன் மகள் இருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் கைகால் கழுவிக்கொண்டாள். அஸர் தொழுதுவிட்டு வந்து ரிஷாதின் முன்னால் நின்றாள். "எங்கட ஊட்டுக்கும் அப்பிடி ஒரு தர போடுங்க. மதினி வர முன்னுக்கு."

அவன் நெற்றியைத் தடவினான். "எனக்கு ஆசை இல்லையா? பாலைய இப்பக் காட்டுல வெட்ட ஏலா. பழசு எங்கயும் உடைச்சாத்தான் கிடைக்கும். கிடைச்சதெல்லாம் இப்ஹாம் நானாட தரையில கிடக்கு."

ஆனாலும் சும்மா இருக்கவில்லை. தென்னம் பலகை சிலதைக் கொண்டுவந்து வீட்டு மண்டபத்தில் பரப்பி நடந்து காட்டினான். பஸீஹா உதட்டைப் பிதுக்கினாள்.

"வாய்க்குள்ள சோத்த வச்சிட்டுக் கதைக்கிற மாதிரி இரிக்கி."

மாமரப் பலகை வந்தது. அது முணுமுணுத்தது. சீமெந்துத் தரை சுத்தமாக ஊமை. இரும்பு மாதிரி இறுகிய அந்தச் சிவப்பு மரம்தான் காலடியை வாங்கி, ஒரு துளி சிந்தாமல், அடுத்த முனையில் கொண்டுபோய்க் கொடுத்தது.

பஸீஹா அதன் பிறகு ஒவ்வொரு தொழுகையிலும் அந்தத் தரையைக் கேட்டாள். வேறெங்கோ ஒரு பாலைத் தரை என்று கேட்கவில்லை. பிறர் பொருளென்று தெரிந்தும் அந்தத் தரையையே கேட்டாள். கனவிலும் அதுதான் வந்தது. கனவில் கடல் முழுதும் பாலைப் பலகை விரித்திருந்தது. சிவந்த பலகை, அலைக்கு அலை மெல்ல உயர்ந்து தாழ்ந்தது. தொலைவிலிருந்து யார் யாரோ நடந்து வந்தார்கள். மௌத்தாகி மண்ணுக்குப் போன வாப்பாவின் அடி வந்தது, பள்ளிக்கூடத்தில் கூடப் படித்தவளின் ஓட்டம் வந்தது. எவரையும் அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கத் தேவையிருக்கவில்லை. எல்லோருக்கும் பின்னால், மிகவும் பின்னால், ஒரு சின்னக் குதிகால் வந்துகொண்டிருந்தது. அது கிட்ட வருவதற்குள் விடிந்து சுபஹ் ஆகிவிடும்.

தரை முடிந்து, வார்னிஷ் பூசி, இப்ஹாம் எல்லோருக்கும் வட்டிலப்பம் கொடுத்தார். அதற்குப் பிறகு காற்று மாறியது.

கச்சான் காற்று கடலை அப்படியே கையில் அள்ளிக்கொண்டு வரும். அலுமாரிக் கண்ணாடி பிசுபிசுக்கும், சீனி இறுகும். பலகைத் தரை வியர்க்கத் தொடங்கியது. முதலில் ஆணித் துளைகளைச் சுற்றி வேர்வை முத்துகள். பிறகு வார்னிஷ் கொப்பளித்து வெண்மை படர்ந்தது. துடைத்தால் போகும், அடுத்த காற்றுக்குத் திரும்ப வரும். ரிஷாத் துணியும் வாளியுமாக அலைந்தான். மரம் பழுதாகவில்லை, ஒரு பலகை வளையவில்லை, வெடிக்கவில்லை. கொட்டிலில் குடித்த உப்பைத்தான் அது விடமாட்டேன் என்றது. உப்பு இருக்கிற மட்டும் காற்றிலிருந்து தண்ணீரை இழுத்துக் குடித்துக்கொண்டே இருக்கும்.

ஒரு காலையில் இப்ஹாமிடமிருந்து போன் வந்தது. ரிஷாத் போனை வைத்துவிட்டுப் பஸீஹாவைப் பார்த்தான். "நீயும் வா. நான் செல்லி ஒனக்கு விளங்காது. பாக்கணும்."

கடற்கரை முழுதும் அலைத்தூவானம் புகைபோல நின்றது. விடுதி அந்தப் புகைக்குள் பாதி கரைந்திருந்தது. அதன் விறாந்தையில், படிக்கட்டில், அறைக்குள்ளும்கூட, சாம்பல் நிறத்தில் சில உருவங்கள் நின்றன. கல்பிட்டி வீதியில் கேட்பாரற்றுத் திரியும் கழுதைகள். தலையைத் தாழ்த்தி, கண்ணைப் பாதி மூடி, அவசரமே இல்லாமல் தரையை நக்கிக்கொண்டிருந்தன. நாக்குப் பட்ட இடமெல்லாம் பலகை இரத்தச் சிவப்பாகப் பளபளத்தது. கதவோரத்தில் ஒரு வெள்ளைக்காரப் பெண் கட்டிலில் உட்கார்ந்து, காலை மேலே தூக்கி வைத்துக்கொண்டு, கனவா நனவா என்று தெரியாத முகத்தோடு ஒரு குட்டிக் கழுதையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பஸீஹா படியில் கால் வைத்தாள். எத்தனையோ குளம்புகள் அவள் எலும்புக்குள் மெல்ல மெல்லத் தட்டின. அவளுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது.

இப்ஹாம் கையில் முற்றம் கூட்டுகிற தும்புத்தடியோடு நின்றார். அவர் உதடு வேகமாக அசைந்தது. ஆனாலும் அவள் பிடித்தாள். "ரிஷாத், நான் வெள்ளைக்காரனுக்கு அறை கட்டினனா, கழுதைக்குத் தேத்தண்ணிக்கடை போட்டனா? ஒன்டத் துரத்தினா ரெண்டு வருது. அந்தக் குட்டி நேத்தே அறை புக் பண்ணின மாதிரி வந்து நிக்குது!"

"நானா, சீவிப் பாக்கிறன்."

"சீவினா இனி என்ன மிஞ்சும்? எனக்கு இது வேணாம். கழட்டு. மாபிள் கல்லுப் போடு."

"நான்தான் உப்புக் கொட்டில்ல வைக்கச் சொன்னன்" என்றாள் பஸீஹா. தன் குரல் எவ்வளவு உயர்ந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை. கழுதைகள் எல்லாம் தலை தூக்கிப் பார்த்தன. "இவர் மேல கோபிக்காதீங்க நானா."

இப்ஹாம் தும்புத்தடியில் சாய்ந்துகொண்டார். அவர் கோபம் கடல் நுரை மாதிரி, எழும்பினதும் உடைந்துவிடும். "இவர் கூலி இல்லாம எனக்கு மாபிள் பதிச்சுத் தரட்டும். இந்தப் பலகைய எங்கயாவது கொண்டு போங்க. கடல்ல போட்டாலும் சரி."

"கடல்ல போட்டாத் தாழ்ந்திரும் நானா" என்றான் ரிஷாத். "இது மிதக்கிற சாதி இல்ல."

"அப்ப நீயே வச்சுக்க, கழுதையோட சேத்து."

திரும்பும்போது பஸீஹாவுக்கு மணலில் கால் புதைந்தது. கேட்டது கிடைத்துவிட்டது. ஆனால் புருஷனின் வேலை நாலு பேருக்கு முன்னால் கெட்டு, அந்த வழியாக வந்திருக்கிறது. தன் துஆதான் காற்றை மாற்றியதோ, கழுதைகளை அழைத்ததோ என்று தோன்றியது. ரிஷாதின் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள்.

"நான் தொழுகையில இந்தத் தரையத்தான் கேட்டன். ஒவ்வொரு நாளும் கேட்டன். என்னாலதான் இப்பிடி ஆச்சு."

ரிஷாத் திரும்பி, அவளுக்கு நன்றாகத் தெரியும்படி நின்றான். "நீ தரையத்தானே கேட்ட. கழுதையக் கேட்டியா?"

"இல்ல."

"அப்ப அது ஒன்ட காக்காட கணக்கு. அவர் தான் உப்பக் கொட்டினது." பிறகு சிரிக்காமலே சொன்னான்: "பெருநாளைக்கு முன்னுக்கு அடிச்சு முடிக்கலாம். நட."

பகலில் இப்ஹாமுக்கு மாபிள் பதித்தான். மாலையில் வீட்டு முற்றத்தில் பலகைகளைச் சாய்த்து வைத்து இருவரும் நல்ல தண்ணீர் ஊற்றினார்கள். கழுவிய தண்ணீர் கஷாய நிறத்தில் ஓடியது. காய்ந்த இடத்தில் மணல் வெளுத்தது. நிழலில் காயவிட்டு ரிஷாத் ஒவ்வொரு பலகையின் முகத்தையும் சீவினான். உளி தீட்டித் தீட்டிக் குட்டையானது. சீவச் சீவப் பலகை மெலிந்தது. பரவாயில்லை, சின்ன வீட்டுக்குத் தீராந்திகளை நெருக்கமாகப் போட்டால் தாங்கும். சீமெந்துத் தரையின்மேல் அந்தத் தாங்குகட்டைகளைக் கிடத்தி, அடியில் ஒரு சாண் வெற்றிடம் விட்டு, மண்டபம் முழுதும் அடித்தான். வாசலோரத்துக் கடைசிப் பலகைக்கு மட்டும் ஆணி போடாமல் விட்டான். பஸீஹா கேட்டபோது கண்ணைச் சிமிட்டினான். "அதுக்கு வேற வேல இரிக்கி."

வார்னிஷ் பூசவில்லை. கச்சான் பலமாக அடித்த நாட்களில் தரை இன்னும் கொஞ்சம் வியர்த்தது. ஒரு கழுதை சில நாள் கேற்றுக்கு வெளியே நின்று பார்த்துவிட்டுப் போனது.

ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்தது. குர்பான் இறைச்சி காய்ந்துகொண்டிருந்த ஒரு முற்பகலில் பஸீஹா துருவலையை மண்டபத்துக்கே கொண்டுவந்து, வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து தேங்காய் துருவினாள். வலை நூல் சுவராணியில் தொங்கியது. ஷம்லா அவளுக்குப் பின்னால் கதிரைக்காலைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். நிற்கப் பழகியிருந்தாள்; நடக்கவில்லை.

வாசல் பலகை தட்டியது. பிறகு மிக மெல்லிய அடிகள், பெருவிரலில் ஊன்றி, நின்று நின்று. திருடன் வருவது மாதிரி. இடது பக்கம் மட்டும் ஒவ்வொரு தரமும் கொஞ்சம் சறுக்கியது.

"வாங்க மதினி" என்றாள் பஸீஹா, தேங்காயிலிருந்து கண்ணை எடுக்காமல். "பூன மாதிரித்தான் வாறீங்க. ஆனா அந்தப் பூனைக்கு இடது முழங்கால்ல வாதம் இரிக்கி."

முஃபீதா சுற்றி முன்னால் வந்தாள். கையில் பெரிய வெறும் பை. பிள்ளையின் உடுப்புக்கு என்று தெரிந்தது. முகம் சிவந்திருந்தது. "எண்ணெய் போட்டுத்தான் பாக்கிறன், குறையுதில்ல" என்றாள், முழங்காலைப் பற்றி. பிறகு கதிரை இருந்தும் தரையிலேயே உட்கார்ந்து பலகையைக் கையால் தட்டிப் பார்த்தாள்.

"என்னக் கண்டுபிடிச்சது சரி. நான் யான மாதிரி. புள்ள வெளியில இறங்கினா? மண்ணுல போனா இது என்ன செய்யும்?"

"மண்ணுக்குப் போக முன்னுக்கு வாசப் பலகைய மிதிக்கணும். அதுக்கு ஆணி இல்ல. நீங்க மிதிச்சது என்ட பல்லுல கேட்டிச்சு."

"ஜன்னலால விழுந்தா?"

"ஜன்னலுக்குக் கிட்டப் போறதும் வருது மதினி."

"நீ தூங்கினா?"

பஸீஹா துருவுவதை நிறுத்தினாள். முஃபீதா குற்றம் கண்டுபிடிக்க வந்தவள் அல்ல, பயந்தவள். அந்தப் பயம் தனக்கும் உண்டு. "தரையிலதான் தூங்கிறன்" என்றாள் மெல்ல. "காதை வச்சு இல்ல. கன்னத்த வச்சு."

முஃபீதா ஏதோ சொல்லத் தொடங்கினாள். உதடு விரிந்தது, பாதியில் நின்றது. கண்கள் பஸீஹாவைத் தாண்டிப் பின்னால் போயின.

அதற்கு முன்பே பஸீஹாவுக்கு வந்துவிட்டது. தவழ்தல் அல்ல. உள்ளங்கை இல்லை, முழங்கால் இல்லை. ஒரு சின்னக் குதிகால், தனியாக. நீண்ட ஒரு தயக்கம். பிறகு மற்றது. பாலைப் பலகை அதை அப்படியே, நடுக்கத்தையும் சேர்த்து, கொண்டுவந்து கொடுத்தது.

திரும்பினால் பிள்ளை உட்கார்ந்துவிடும். பஸீஹா திரும்பவில்லை. முஃபீதா எழும்பப் பார்த்தாள். பஸீஹா தேங்காய்ப் பூ ஒட்டிய கையைத் தூக்கி, பொறுங்கள் என்று காட்டினாள். கண்ணை மூடினாள். கடலின்மேல் விரித்த பலகை ஒரு முறை உயர்ந்து தாழ்ந்தது. எல்லோருக்கும் பின்னால் வந்துகொண்டிருந்த அந்த அடி இப்போது கிட்ட வந்தது. ஒன்று. நின்றது, ஆடியது, நேரானது. இன்னொன்று. இடைவெளியில் உலகம் முழுதும் காத்திருந்தது. இன்னொன்று.

ஒரு சின்னக் கை முதுகில் வந்து விழுந்தது.

நெஞ்சு திக்கென்று அடிக்கவில்லை. பின்னாலிருந்து வந்த ஒரு கைக்கு அவள் பதறாமல் இருந்தது காய்ச்சலுக்குப் பிறகு அதுதான் முதல் தடவை.

கண்ணைத் திறந்தபோது முஃபீதாவின் உதடு அசைந்துகொண்டிருந்தது. நடுங்கியதால் ஒரு சொல்லும் பிடிபடவில்லை. பஸீஹா பிள்ளையை மடிக்கு இழுத்துக்கொண்டாள். ஷம்லாவின் உள்ளங்கால் ஈரமாக, பிசுபிசுப்பாக இருந்தது. முத்தமிட்டாள். உப்புக் கரித்தது.

முஃபீதா மத்தியானச் சாப்பாட்டுக்கு நின்றாள். பிள்ளையை நாலைந்து தடவை நடக்க விட்டுப் பார்த்தாள். ஒரு தடவை தானே பஸீஹாவின் கண்ணைப் பொத்திக்கொண்டு, "இப்ப எங்க நிக்கிறாள், செல்லு" என்று கேட்டாள். கேட்டது பஸீஹாவுக்கு விளங்கவில்லை. ஆனாலும் விரலை நீட்டிச் சரியாகக் காட்டினாள். புறப்படும்போது வெறும் பையைத் தூக்கி, சாப்பிட வந்திருந்த ரிஷாதிடம் கொடுத்தாள்.

"சும்மா கொண்டு போனா ஊட்டுல சிரிப்பாங்க. முருங்கக்காய் புடுங்கிப் போடு. கிழமைக்கு ஒருக்கா வந்து பாப்பன், செல்லிட்டன்."

"வாங்க ராத்தா" என்றான் ரிஷாத். "எப்ப வந்தாலும் இவளுக்குத் தெரியும்."

பஸீஹா அவர்களை அனுப்ப எழும்பவில்லை. பிள்ளை மடியில் தூங்கியிருந்தது. சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்து கேட்டாள். ரிஷாதின் நீண்ட அடி. முஃபீதாவின் இடது சறுக்கல், முருங்கைக்காயின் கனம் சேர்ந்து கொஞ்சம் ஆழமாக. வாசல் பலகை ஒரு முறை தட்டியது. இன்னொரு முறை தட்டியது. அதன் பிறகு மணல்.